குளத்துக்குப் பட்டா, வயலுக்கு அப்ரூவல்: உள்ளாட்சி வேட்பாளர் வாக்குறுதிகள் பற்றிச் சில கேள்விகள்

கே: "ஜெயித்தால் அப்ரூவல் இல்லாத மனைகளுக்கெல்லாம் அப்ரூவல் வாங்கித் தருவேன்" என்கிறார் ஊராட்சித் தலைவர் வேட்பாளர். நடக்குமா?

ப: அது அவர் கையில் இல்லை. மனைப்பிரிவை (லேஅவுட்டை) பார்த்து ஒப்புதல் தருவது டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ. ஊராட்சியின் கையெழுத்து அதன் பிறகுதான். அந்த வரிசையைத் தாண்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி விற்றதுதான் இன்றைய சிக்கலின் வேர். அப்ரூவல் இல்லாத மனைகளை முறைப்படுத்த வந்த 2017 வரன்முறை விதிகளுக்குள் வர, மனை 20.10.2016-க்குள் பதிவாகியிருக்க வேண்டும். மனைப்பிரிவு என்றால் அந்தத் தேதிக்குள் ஒரு மனையாவது விற்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுக்கு எந்தத் தலைவர் வந்தாலும் இந்த வழி இல்லை.

கே: எங்கள் நகரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை யாரோ விற்கிறார்கள். கவுன்சிலர் என்ன செய்ய முடியும்?

ப: இது முழுக்க உள்ளாட்சியின் வேலை. 2019 கட்டட விதிகளின்படி மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற திறவெளியாக விடவேண்டும். 3,000 சதுர மீட்டர் வரை விலக்கு. 10,000 வரை இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் இடமாகத்தான் தரவேண்டும். 5 ஏக்கர் என்றால் 20,234 சதுர மீட்டர். சாலைக்கு 6,234 போனால் மீதி 14,000. பூங்கா 1,400, அதாவது சுமார் 15,000 சதுர அடி. சின்ன இடமல்ல!

இதைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதித் தருவார்கள். கோளாறு அதற்குப் பின்தான். பத்திரம் பதிவாகும், பட்டா மாறாது. பழைய உரிமையாளர் பெயரிலேயே பட்டா கிடக்க, சில வருடம் கழித்து அவரோ வாரிசுகளோ விற்றுவிடுகிறார்கள்.

முதலில் மனைப்பிரிவு வரைபட நகலை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்து வில்லங்கச் சான்று. பூங்காவுக்கு மனை எண் கிடையாது என்பதால் சர்வே எண், உட்பிரிவு போட்டுத் தேடினால்தான் தானப் பத்திரம் தெரியும். பிறகு வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். மூன்றையும் இணைத்து ஆணையரிடம் மனு கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், வார்டில் எத்தனை பூங்கா இடத்துக்குப் பட்டா மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கே: குளத்துப் புறம்போக்கில் 30 வருடமாக இருக்கிறோம். பட்டா வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள்.

ப: நம்பாதீர்கள். வீட்டுமனைப் பட்டா தருவது வருவாய்த் துறை, கவுன்சில் அல்ல. நீர்நிலை என்றால் அவர்களாலும் முடியாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றவே 2007-ல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. மாற்று இடம் கேட்டுத் தாசில்தாரிடம் மனு கொடுப்பதே உருப்படியான வழி.

கே: ஊரைச் சுற்றி வயலெல்லாம் பிளாட் ஆகிறது. தடுக்க முடியுமா?

ப: ஓரளவு. மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) உள்ள ஊரில் நிலப் பயன்பாட்டை மாற்றுமுன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும். மாஸ்டர் பிளான் இல்லாத ஊரில் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். இரண்டிலும் எழுத்துமூல ஆட்சேபணைக்குத்தான் மதிப்பு. தார் ரோடு போட்ட பிறகு மறியல் செய்து பயனில்லை.

கே: வீட்டு பிளான் சீக்கிரம் கிடைக்கக் கவுன்சிலரைப் பிடிக்க வேண்டுமா?

ப: வேண்டாம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், 2024 முதல் சுயசான்று முறையில் (விவரங்களுக்கு நீங்களே உறுதி தருவது) இணையத்திலேயே அனுமதி கிடைக்கும். அளவைப் பொய்யாகக் காட்டினால் சிக்கல் உங்களுக்குத்தான்.

கே: அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்ப்பதாகத் தலைவர் வேட்பாளர் சொல்கிறார்.

ப: உதவித்தொகை 3.5 லட்சம் ரூபாய், குறைந்தது 360 சதுர அடி வீடு; குடிசையில் இருப்பவருக்கு, சொந்த மனை இருந்தால் மட்டும். தேர்வுக் குழுவில் தலைவர் இருப்பார், ஆனால் பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே காங்கிரீட் வீடு உள்ளவர் பெயர் வாசிக்கப்பட்டால், அங்கேயே எழுந்து சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் ஆட்சேபணையை எழுத வையுங்கள். டீக்கடையில் சொன்னால் பதிவில் ஏறாது.