அம்மாவுக்குச் சலரோகம், ஆங்கிலம் தெரியாது. லண்டனில் நடக்கும் நீரிழிவு வகுப்புக்கு அனுப்பிப் பயன் உண்டா?

உண்டு, அனுப்புங்கள். ஆனால் பக்கத்தில் இருந்து நீங்களே மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால், அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் அம்மாவும் என் அம்மாவைப் போல யாழ்ப்பாணத்துச் சமையலை விடாமல் இங்கே பிள்ளையோடு இருப்பவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. இங்கத்தைய அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸைத் திட்டவும் வரவில்லை. அம்மாவின் குளிசைக்கு ஒரு பென்னிகூட நாங்கள் கட்டுவதில்லை, அந்த நன்றி இருக்கிறது. ஆனால் வருடாந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேர்ஸ் தங்கமான பிள்ளை. பாதத்தில் மெல்லிய நைலோன் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். பிரஷர் எடுப்பார். பிறகு ஒரு தாளை நீட்டுவார். அதில் உருளைக்கிழங்கு, புறோக்கொலி, ஒரு துண்டு மீன். "சோறு சாப்பிடுவாரா?" என்று என்னைக் கேட்பார். அம்மா "கொஞ்சம்" என்பார். கொஞ்சம் என்றே பதிவாகும். இரவில் பிட்டா இடியப்பமா, சொதியில் எவ்வளவு தேங்காய்ப்பால் என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை.

ஒருமுறை எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. கிளினிக்கில் தொலைபேசி வழியாக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையில் வேறு மெற்போமின் (சலரோகக் குளிசை) பெட்டி, மெதுவாகக் கரையும் வகை. விசாரித்தால், பழைய குளிசை வயிற்றைக் கலக்குகிறது என்று கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும் நாட்களில் அம்மா அதைப் போடுவதே இல்லையாம். எனக்குப் பக்கத்தில் இருந்து "ஒழுங்காய்ப் போடுறன்" என்று சொல்லி வந்தவர், முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்கு முன்னால உதெல்லாம் சொல்லுறதே?" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் உணவு ஆலோசகரிடமும் மொழிபெயர்ப்பாளரோடு போனார். அந்த மனுசி பிட்டை நிறுத்தச் சொல்லவில்லை. எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னாராம். அதில் பாதியாக்கி, மிச்ச இடத்துக்குக் கீரையையும் மரக்கறியையும் போடச் சொன்னார். அம்மாவுக்குக் கீரைப் பிட்டு புதிதா என்ன! குரக்கன் (கேழ்வரகு) என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எங்கள் ஆட்களின் நம்பிக்கையும் அன்றைக்கே உடைந்தது. அதுவும் மாச்சத்துத்தான், அளவு அதற்கும் உண்டு.

விரதத்தையும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். ரமழான் நோன்புக்கு இங்கே நல்ல வழிகாட்டல் இருக்கிறது, மெச்சத்தான் வேண்டும். கந்த சஷ்டி ஆறு நாளைப் பற்றி நாங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கிளிக்ளசைட் போன்ற குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சீனி கடகடவென்று இறங்கிவிடும். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் குளிசைகளுக்குப் பட்டினியில் வேறு ஆபத்து, இரத்தத்தில் அமிலம் கூடலாம். விரதத்துக்குச் சில கிழமை முன்பே கேட்டால் மாற்றித் தருவார்கள்.

"அம்மா மெல்லிசு, அவவுக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு: பொதுவாக உடல் எடைச் சுட்டெண் (பி.எம்.ஐ) 25 தாண்டினால்தான் கூடுதல் எடை என்பார்கள். தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே சலரோகம் வரலாம் என்பதால் இங்கே 23 இலேயே கவனிக்கச் சொல்கிறார்கள்.

கனடாவில் இருக்கும் என் அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அம்மாவின் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 64 என்று சொன்னதும் போனில் கத்தினார். இங்கே வேறு அலகு, 64 என்றால் அங்கத்தைய 8 வீதம் என்று விளக்கி முடிக்க எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அடுத்த நாள் பாகற்காய்ச் சாறு வீடியோ வட்ஸ்அப்பில் வருகிறது. வந்து ஒரு மாதம் அம்மாவைப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். அங்கே இருந்துகொண்டு சொல்வது சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கொஞ்சம் நீண்ட நேரம் வேண்டும் என்று கேளுங்கள். இலவசம்தான். "மகள் வரலாமே" என்று வரவேற்பில் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்பது என்.எச்.எஸ்ஸின் சொந்த வழிகாட்டலே. லெஸ்ரரில் தொடங்கிய டெஸ்மண்ட் என்ற நீரிழிவு வகுப்பில் தெற்காசியருக்கென்று ஒரு வடிவம் உண்டு, அது உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று விசாரியுங்கள். போகும்போது அம்மா தினமும் சாப்பிடும் கோப்பையைப் பையில் வைத்துவிடுங்கள். அதைக் காட்டினால் அளவுக் கதை சுருக்கமாக முடிந்துவிடும்.