எண்ணெய் காட்டிக்கொடுத்தது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மரக்கிண்ணம் கடைவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் லேத்தில் ஒன்று கடைந்தேன். சொரசொரப்பான 80-ம் எண்ணில் தொடங்கி நைசான 400-ம் எண் வரை உப்புத்தாள் போட்டேன். கைக்கு வழவழவென்று இருந்தது. ஆனால் ஆளிவிதை எண்ணெய் பூசியதும் எதிரெதிராக இரண்டு இடங்கள் மட்டும் கறுத்து, சொரசொரப்பாகத் தெரிகின்றன. எண்ணெய் மட்டமானதா? இன்னும் தேய்த்தால் போய்விடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். ‘எதிரெதிராக இரண்டு இடங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

பலகைத் துண்டில் கிண்ணம் கடையும்போது மரத்தின் நார் கிண்ணத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். அதனால் சுவரின் இரண்டு பக்கங்களில் நார் நீளவாக்கில் ஓடும், மற்ற இரண்டு பக்கங்களில் நாரின் முனைகள் வெளியே பார்க்கும். துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்கின் பக்கவாட்டில் கை வைத்தால் வழுக்கும், நுனியில் வைத்தால் குத்தும். கிண்ணம் ஒரு சுற்று வருவதற்குள் உளி இரண்டு முறை அந்த நுனிகளில் போய் முட்டுகிறது. கூர் மழுங்கியிருந்தால் நாரை அறுக்காது, பிய்த்துவிடும். பிய்ந்த குழியில் மரத்தூள் அடைந்துகொள்வதால் தடவும்போது தெரியாது. நார் முனை எப்போதுமே எண்ணெயை அதிகம் குடிக்கும், பிய்ந்த முனை இன்னும் அதிகம். நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

தேய்த்துப் போக்க நானும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் முழுக்க ஒரே இடத்தில் தாளை அழுத்திப் பிடித்தேன். சூடேறி, நார் முனையில் மயிரிழை போல விரிசல் விட்டது. வட்டமும் கெட்டது, ஏனென்றால் பக்க நார் சீக்கிரம் கரையும், முனை அவ்வளவு சுலபமாகக் கரையாது.

கிண்ணத்தை இன்னும் லேத்தில் பூட்ட முடியுமானால் உளியைச் சாணை பிடித்துவிட்டு மெல்லிய வெட்டு ஒன்றிரண்டு கொடுங்கள். வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்பை நோக்கி, உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. உளியின் சரிவு, அதாவது கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சாய்வான பகுதி, மரத்தில் ஒட்டி உரசிக்கொண்டே வர வேண்டும். சுருள் சுருளாக வந்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் மறுபடி சாணைக்குப் போங்கள். (பச்சை மரத்தில் கடைந்திருந்தால் கிண்ணம் இதற்குள் காய்ந்து கோணியிருக்கும். சுவர் மெல்லியதாக இருந்தால் கை வைக்காதீர்கள், ஓட்டை விழுந்துவிடும்.)

அதன் பிறகு உப்புத்தாள். 120, 180, 240, 320 என்று எதையும் தாண்டாமல் போனால் போதும், 400 ஆடம்பரம். எண்ணெய் பூசுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிய்ந்த இடம் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துப்போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.