புதிதாக வந்த பேராசிரியரிடம் பிஎச்.டி. சேரலாமா?

கேள்வி: பவர் எலக்ட்ரானிக்ஸில் எம்.இ. முடித்திருக்கிறேன். பிஎச்.டி. சேர நினைக்கும் மின்னியல் துறைக்கு இரண்டு உதவிப் பேராசிரியர்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். அதில் ஒருவருடைய ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. 'புதியவரிடம் போகாதே, சீனியரிடம் போ' என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவருடைய லேபை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

கன்ட்ரோல், சிக்னல் ப்ராசஸிங் போன்றவற்றில் ஒரு கணினியும் மாட்லாபும் இருந்தால் மறுநாளே வேலை தொடங்கிவிடும். மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் செய்கிறவருக்கு அது போதாது. ஆசிலோஸ்கோப், டிஃபரன்ஷியல் புரோப், கரன்ட் புரோப், புரோகிராமபிள் டிசி சப்ளை, எலக்ட்ரானிக் லோடு என்று அளக்கவும் சோதிக்கவும் கருவிகள் எல்லாம் வேண்டும். டெண்டர் விட்டு இவை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகும், அறைக்கு த்ரீ ஃபேஸ் லைன் இழுக்காததால் ஒரு மாணவரின் லேபில் பெட்டி பிரிக்காமலே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாணவரின் முதல் வருடம் அப்படியே போனது.

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆய்வு நிதி கைக்கு வந்துவிட்டதா, விண்ணப்பத்தோடு நிற்கிறதா? மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் இளம் ஆசிரியர்களுக்கென்றே 3 ஆண்டுகளுக்கு 60 லட்ச ரூபாய் வரை தருகிறது. அது கிடைத்திருந்தால் நல்ல சோதனை மேஜை ஒன்று அமைந்துவிடும். இன்னும் இல்லையென்றால், மூத்தவர் யாராவது தன் லேபைத் திறந்துவிடுவாரா, அவரையே இணை வழிகாட்டியாகப் போட முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம், வழிகாட்டி அங்கீகாரம். யுஜிசியின் 2022 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு பிஎச்.டி.யோடு குறைந்தது 3 ஆய்வுக் கட்டுரைகள் இருக்க வேண்டும். பல்கலைக்கழக ஆணை வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சீனியரிடம் லேப் தயாராக இருக்கும், உண்மைதான். ஆனால் அதே விதிப்படி அவர் 8 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கவே முடியாது. புதியவரின் முதல் மாணவி நீங்கள் என்றால், ஸ்விட்சை இயக்கும் கேட் டிரைவர் சர்க்யூட்டின் அலைவடிவத்தில் நாய்ஸ் வரும்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு லேபை வெறும் அறையிலிருந்து எழுப்பக் கற்றவருக்கு, நாளை தானே ஆசிரியராகும்போது அது பெரிய பலம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்காகவே சேர்வேன்.

அவரைப் பார்க்கப் போகும் முன், பழைய வழிகாட்டியின் பெயர் இல்லாத அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிடுங்கள். இனி அவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பது அதில்தான் தெரியும்.