அஃபிலியேட் மார்க்கெட்டிங்கைக் கைக்காசு போடாமல் தொடங்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

முடியும். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் எட்டு மாதம் ஒரு காசுகூட வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பெயர்தான் நீளமே தவிர, இது தரகு வேலை. வாங்க வருபவரைக் கடைவாசல் வரை கொண்டுபோய் விடுகிறீர்கள். அவர் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன், வெறுங்கையோடு திரும்பினால் ஒன்றும் கிடையாது. இணையத்துக்கு இது புதிதும் இல்லை. சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை 1994-லேயே மற்ற தளங்களுக்குக் கமிஷன் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அமேசான் இதே மாதிரி தன் அசோசியேட்ஸ் என்ற திட்டத்தை 1996-ல் ஆரம்பித்தது.

ஆள் உங்கள் வழியாகத்தான் வந்தார் என்று கடைக்கு எப்படித் தெரியும்? கடை தரும் லிங்க்கில் உங்களுக்கென்று ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தொட்டவரின் பிரௌசரில் குக்கி என்ற சின்னக் குறிப்பு பதிந்துவிடும். அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசானில் 24 மணி நேரம்தான். அதற்குள் கூடையில் போட்டுவிட்டால், பிறகு வாங்கினாலும் பொதுவாக 90 நாள் வரை உங்கள் கணக்கில் வரும். பல திட்டங்கள் 30 நாள் தருகின்றன. சேரும்போது எல்லோரும் எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். இந்த ஆயுளை யாரும் பார்ப்பதில்லை.

என் எட்டு மாதக் கதை இதுதான். சதவீதம் அதிகமாகத் தெரிந்த பொருள்களையெல்லாம் பொறுக்கி, தெரிந்தவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் லிங்க் போட்டேன். கிளிக் வந்தது, விற்பனை வரவில்லை. முகத்துக்காகத் தொட்டுப் பார்த்தவர்கள், அவ்வளவுதான். இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அந்தச் சோர்வில் காசு கொடுத்து ஒரு ஆன்லைன் வகுப்பிலும் சேர்ந்தேன். அதில் கற்றுக்கொடுத்தது, அதே வகுப்பை இன்னும் நாலு பேருக்கு விற்றுக் கமிஷன் வாங்குவது எப்படி என்பதை! முறையான கடைகளின் அஃபிலியேட் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. சேர்வதற்கே பணம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மாறியது ஒரு தையல் ஊசியால்.

எனக்குத் தையல் பொழுதுபோக்கு. தெரிந்தவர் ஒருவர், ஜீன்ஸ் கால் மடிக்கும்போது ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது, மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டார். மெஷினில் ஒன்றும் இல்லை. சாதாரணத் துணிக்கான 90/14 ஊசியில் ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். 90 என்றால் ஊசித்தண்டின் விட்டம் 0.9 மில்லிமீட்டர். கெட்டித் துணிக்கு 100/16 ஜீன்ஸ் ஊசி வேண்டும், அதுவும் மடிப்பு சேருமிடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றி மெதுவாக இறக்க வேண்டும். போனில் சொன்னதையே ஓர் இலவச வலைப்பூவில் எழுதி, உடைந்த ஊசியின் படத்தையும் போட்டு, கடைசியில் ஊசிப் பாக்கெட்டுக்கு ஒரு லிங்க் வைத்தேன்.

ஊசிப் பாக்கெட்டின் கமிஷனைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் ஊசி வாங்க வந்தவர் ஊசியோடு நிற்பதில்லை. அதே கூடையில் நூல், பாபின், கத்தரிக்கோல் என்று சேர்த்துக்கொண்டார்கள். பல திட்டங்களில், நீங்கள் காட்டிய பொருளே ஆக வேண்டும் என்பதில்லை, அந்த நேரத்துக்குள் அந்தக் கடையில் வாங்குவதில் பெரும்பாலானவற்றுக்குக் கமிஷன் உண்டு. ஒருமுறை யாரோ புது மெஷினே வாங்கியிருந்தார். இப்படி வருபவர் ஏற்கெனவே பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்ற ஒரே குழப்பத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடத்தில் பதில் சொல்பவருக்கு 24 மணி நேரம் தாராளம். வாட்ஸ்அப் குழுவில் சும்மா இருந்தவருக்கு 90 நாள் கொடுத்தாலும் பயனில்லை.

அதனால் 'சிறந்த 10 தையல் மெஷின்கள்' மாதிரிக் கட்டுரையில் கை வைக்காதீர்கள். பெரிய தளங்கள் அதற்கென்றே ஆள் வைத்து எழுதுகின்றன. 'இந்த மாடல் மெஷினுக்கு எந்த பாபின் சேரும்', 'பின்னலாடை தைத்தால் தையல் ஏன் விட்டுவிட்டு விழுகிறது' போன்ற சில்லறைக் கேள்விகளை அவர்கள் சீண்டுவதில்லை. அங்கேதான் நமக்கு இடம். ஒரே நாளில் செயற்கை நுண்ணறிவிடம் 100 கட்டுரை எழுதி வாங்கி நிரப்பலாமே என்று தோன்றும். தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை கூகுள் 2024 மார்ச் முதல் ஸ்பேம் கணக்கில் சேர்த்துவிட்டது. அதோடு, உடைந்த ஊசியைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்குத் தெரிவது செயற்கை நுண்ணறிவுக்குத் தெரியாது.

எழுத வராது என்றால் வீடியோ எடுங்கள், முகம் காட்ட வேண்டும் என்றுகூட இல்லை. எதுவானாலும் 10, 15 பதிவு போட்டு, ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு திட்டத்தில் சேருங்கள். அமேசானில் சேர்ந்த 180 நாளுக்குள் குறைந்தது 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். முதல் நாளே சேர்ந்துவிட்டுப் பிறகு எழுத உட்காருபவர்கள் மாட்டுவது இதில்தான். எண்ணிக்கை காட்ட நம் லிங்க்கிலேயே நாம் வாங்கலாமா என்றால், கூடாது, அது விதிமீறல்.

லிங்க் வைத்த இடத்தில், இதில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பல நாடுகளில் சட்டமே அப்படித்தான், திட்டங்களின் விதியும் அதுதான். எழுதினால் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் ஓடவில்லை. உங்கள் லிங்க் எங்கே, அதிலேயே வாங்குகிறேன் என்று கேட்டவர்களும் உண்டு.

பணம் கைக்கு வரும் கதை தனி. இன்று விற்றால் இன்று கமிஷன் திரையில் தெரியும், ஆனால் அது இன்னும் உங்களுடையது அல்ல. வாங்கியவர் பொருளைத் திருப்பினால் கமிஷனும் திரும்பிவிடும். அமேசான், விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் கொடுக்கும். ஒரு திட்டத்தில் (பெயர் வேண்டாம்) சதவீதம் அள்ளிக்கொடுத்தார்கள், பொருளோ மட்டம். பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. போன கமிஷனைவிட, நான் சொன்னதை நம்பி வாங்கியவர்கள் எழுதிய கடிதங்கள்தான் உறுத்தின. அதன் பிறகு கையால் தொட்டுப் பார்க்காத எதற்கும் லிங்க் வைப்பதில்லை.

ஒரே கடையை நம்பி உட்காராதீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான், அறைகலன்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தது. மளிகை 5-லிருந்து 1-க்கு வந்தது. அதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் சரிந்தது. நான் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறேன்.

மாதம் ஒருமுறை எல்லா லிங்க்கையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். எனக்கு அதிகம் ஆள் வரும் பக்கத்திலேயே, பொருள் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது தெரியாமல், இரண்டு மாதம் வாசகர்களை வெற்றுப் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வருமானம் எவ்வளவு என்று அடுத்துக் கேட்பீர்கள். வேலையை விடும் அளவுக்கு இல்லை. மூன்றாவது ஆண்டிலிருந்து என் தையல் செலவு முழுக்க இதிலிருந்து போகிறது, கொஞ்சம் மிச்சமும் நிற்கிறது.

தொடங்குவதானால் இன்றே ஒரு தாளை எடுத்து, மற்றவர்கள் உங்களிடம் வந்து வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த கேள்விகளை அல்ல, அவர்கள் கேட்பதை. பத்து தேறினால் முதல் கேள்விக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடலாம். ஐந்தோடு பேனா நின்றுவிட்டால் வேறு விஷயம் பாருங்கள்.