பூப்பந்து ஆடட்டும், கணக்கியலும் படிக்கட்டும்

அக்கா, படிப்பை விட்டுவிட்டுப் பூப்பந்து மட்டும் ஆடினால் பெரிய பணம் பார்க்கலாம் என்று உங்கள் மகன் சொல்வதில் பாதி சரிதான். விளையாட்டில் பெரிய பணம் இருக்கிறது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதை அவன் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

அவன் பெயர் சொல்லும் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிய காலம் முழுவதும் அவர் வாங்கிய சம்பளம் சுமார் 94 மில்லியன் டாலர். 2010ல் சார்லட் கூடைப்பந்து அணியின் பெரும்பங்கை வாங்கினார், அப்போது அந்த அணியின் மதிப்பு சுமார் 275 மில்லியன். 2023ல் பெரும்பங்கை விற்றபோது அந்த மதிப்பு 3 பில்லியன்.

எனக்கு அவரைவிட இன்னொரு கூடைப்பந்து வீரர் ஜூனியர் பிரிட்ஜ்மேன்தான் முக்கியம், ஏனென்றால் அவர் நட்சத்திரமே இல்லை. ஆண்டுக்கு 350,000 டாலருக்கு மேல் சம்பளம் பார்க்காதவர், ஆட்டம் இல்லாத மாதங்களில் வெண்டிஸ் உணவகத்தில் போய் நின்று வேலை பழகினார், கடை எப்படி நடக்கிறது, லாபம் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் பார்த்து, பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு உரிமையாளரானார். 2024ல், தான் ஆடிய மில்வாக்கி பக்ஸ் அணியிலேயே 10 விழுக்காட்டுப் பங்கை வாங்கினார். டென்னிஸ் வீரர் ஃபெடரரும் 2019ல் ஆன் காலணி நிறுவனத்தில் சொந்தப் பணத்தைப் போட்டார், 2021ல் அது பங்குச் சந்தைக்கு வந்தது.

பணம் பெருகியது சம்பளத்தால் அல்ல, பங்கு கையில் இருந்ததால். கணக்குப் புரியாதவனால் அந்தப் பங்கை எடைபோட முடியாது.

சரி, நம் மலேசியாவுக்கு வருவோம். ஒலிம்பிக் தங்கத்துக்கு அரசு 1 மில்லியன் ரிங்கிட்டும் மாதம் 5,000 ரிங்கிட்டும் தருகிறது. 2024 பாரிஸ் வரை நமக்கு அந்தத் தங்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யே மூன்று வெள்ளியோடு நின்றார். அதை நம்பிப் படிப்பை விட முடியாது. நம் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டே ஆடினார், 2022ல் மோசமான கார் விபத்து, அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். அவர் மீண்டு வராமல் போயிருந்தாலும் பட்டம் கையில் இருந்திருக்கும், பெற்றோருக்கு இதைவிட வேறு என்ன நிம்மதி வேண்டும்?

அதனால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் கணக்கியல் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். விளம்பர ஒப்பந்தம் என்று யாராவது வந்தால் வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்: எத்தனை ஆண்டு, காயம்பட்டால் என்ன, அவன் பெயரும் படமும் யாருக்குச் சொந்தம், இந்த மூன்றையும் கேளுங்கள். பரிசுப் பணம் வந்தால் நண்பனோடு காப்பிக்கடை திறக்கும் பேச்சு இப்போது வேண்டாம். ஏஎஸ்எம் என்ற முதலீட்டு நிதியின் யூனிட் வாங்கலாம், பிறகு சொந்தமாகச் சம்பாதிக்கும்போது இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் என்ற தன்னார்வச் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் அரசும் ஒரு பங்கு சேர்த்துத் தரும்.

எல்லாப் பள்ளியிலும் கணக்கியல் கிடைக்காது. பாடத் தேர்வுப் பாரத்தை நிரப்பும் முன் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள், பயிற்சி நேரத்தோடு இடிக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.