சூவர்ட்: பனியாறும் கடலும் – கேள்வி பதில்

அலாஸ்காவில் ஆங்கரேஜுக்குத் தெற்கே சுமார் 200 கி.மீ. தள்ளி, ரெசரெக்‌ஷன் விரிகுடாவின் தலைமாட்டில் இருக்கும் ஊர் சூவர்ட். கோடை நடை, கயாக் (சிறு துடுப்புப் படகு) பற்றிக் கேளுங்கள். ஹோட்டல், வாடகைக் கார் இங்கே வேண்டாம்.

தூறல்: ஒரு நாள்தான் இருக்கிறது. ஹார்டிங் பனிப்புலப் பாதை ஏறலாமா?

ஏறலாம். போய்வர 13 கி.மீ.தான், ஆனால் ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். 6 முதல் 8 மணி நேரம் ஒதுக்குங்கள். ஜூலை தொடக்கம் வரை மேல்பாதியில் பனி கிடக்கும். மைக்ரோஸ்பைக்கும் (காலணிமேல் மாட்டும் சிறு முள் சங்கிலி) ஊன்றுகோலும் வேண்டும். காலையில் கெட்டியாக இருந்த பனி மதியம் இளகி, இறங்கும்போது முழங்கால் வரை உள்வாங்கும். கால் பிசகுவது அப்போதுதான். நேரம் போதாவிட்டால் ஏறத்தாழ 4 கி.மீ.யில் வரும் பாறை உச்சியோடு திரும்பிவிடுங்கள், பனியாறு அங்கிருந்தே விரிந்து தெரியும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

பனிப்பூ: எக்ஸிட் பனியாற்றைத் தொட முடியுமா?

பாதையிலிருந்து முடியாது, பின்வாங்கிவிட்டது. வழியில் ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கும். அந்தந்த ஆண்டில் பனி நின்ற இடம் அது. பனிமேல் நடக்க வழிகாட்டி, கிராம்பான் (காலணியில் மாட்டும் நீண்ட இரும்பு முட்கள்), கயிறு மூன்றும் தேவை.

துடுப்பு: நன்றாக நீந்துவேன். கயாக்குக்கு ட்ரை சூட் அவசியமா?

அவசியம். ட்ரை சூட் என்பது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை, நீச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடையிலும் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான், பனியாற்று முகப்பில் இன்னும் குறைவு. விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. பத்து நிமிடத்தில் கைவிரல் மரத்துப்போகும். படகைப் பிடித்து ஏற முடியாது. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், குளிரைத் தடுக்காது. வெயில் நாளில் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று எழும்பும், அதனால் விடியலில் கிளம்புங்கள். மிதக்கும் பனிப்பாறை எப்போது வேண்டுமானாலும் புரளும், பக்கத்தில் போகாதீர்கள்.

நடையன்: கேய்ன்ஸ் ஹெட் வரை கரையோரமாக நடக்க எப்போது கிளம்பணும்?

லோவல் பாயின்ட்டிலிருந்து கேய்ன்ஸ் ஹெட்டின் நார்த் பீச் சுமார் 7 கி.மீ. டோன்சினா பாயின்ட்டுக்கு அப்பால் ஏறக்குறைய 4 கி.மீ.க்கு கடல் வற்றினால்தான் வழி. கடல் ஏற்ற இறக்க அட்டவணை வற்று (தண்ணீர் மிகத் தாழும் கட்டம்) 3 அடி அல்லது அதற்குக் கீழே என்று காட்டும் நாளில், வற்று நேரத்துக்கு 2 மணி முன்பே லோவல் பாயின்ட்டை விட்டுக் கிளம்புங்கள். அட்டவணை சூவர்டுக்கு உரியதா என்று பாருங்கள். சில செயலிகள் ஆங்கரேஜைக் காட்டும். அங்கே நேரமும் வேறு, உயரமும் வேறு.

அலைக்கள்ளன்: 2 மணி முன்பு என்பது பயமுறுத்தல். வற்று முடிந்து ஒரு மணி நேரம் பார்த்தேன், தண்ணீர் ஏறவே இல்லையே.

பொறியே அதுதான். வற்றுக்கும் ஏற்றத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். முதல் மணியில் 25 செ.மீ. ஏறும், இரண்டாவதில் 50, மூன்றாவதிலும் நான்காவதிலும் 75, 75. பாசி படிந்த உருளைக்கல்லில் 4 கி.மீ. நடக்க ஒன்றரை மணி ஆகும். வற்றிய நேரத்தில் டோன்சினாவை விட்டால், தண்ணீர் வேகம் பிடிக்கும்போது பாதை முடிவில்தான் இருப்பீர்கள். ஒரு மணி தாமதித்தால் பாதியிலேயே.

அலைக்கள்ளன்: மேலே காட்டுக்குள் ஏறிவிட்டால் போச்சு.

செங்குத்துப் பாறை இருக்கும் இடங்களில் எங்கே ஏறுவீர்கள்? இன்னொன்று: அட்டவணை கோடை நேரத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறதா பார்த்தீர்களா? இல்லையென்றால் ஒரு மணி பிசகும்.

கம்பளி: கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவரலாமா?

கூடாது, பெட்டியில் போட்டு அனுப்பவும் முடியாது. அங்கே வாங்குங்கள். பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள்.

வெண்முகில்: பனியாற்றைத் தொட...

மேலே பாருங்கள்.

நடையன்: அன்றே கோட்டையும் பார்த்துத் திரும்ப முடியாதா?

அதே வற்றில் முடியாது. அடுத்த வற்று சுமார் பன்னிரண்டரை மணி நேரம் கழித்து. நார்த் பீச்சிலிருந்து மெக்கில்வ்ரே கோட்டைக்கு சுமார் 3 கி.மீ. ஏறுவழி, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கட்டடம், உள்ளே கும்மிருட்டு, டார்ச் எடுங்கள். திரும்ப வாட்டர் டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், அல்லது கூடாரம் போட்டுத் தங்கலாம். தங்கினால் மறுநாள் வற்றும் 3 அடிக்குள்தானா பாருங்கள். சூவர்ட் அட்டவணையில்.