காற்றுத்தர மீட்டர் மகரந்தத்தைக் காட்டுமா?

காட்பாடி நண்பருக்கு,

மாடியில் வைத்த மீட்டரில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் அளவு குறைவாக இருக்கும் காலைகளிலும் மகன் தும்மித் தீர்க்கிறான், கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. அந்த அளவு 2.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள நுண்துகளுக்கானது. தும்மலைக் கிளப்பக்கூடிய மகரந்தமோ பெரும்பாலும் 10 மைக்ரானைத் தாண்டியது. விற்றவர் ‘எல்லாம் காட்டும்’ என்றாராம், அவர் வாய்க்குப் பூட்டேது!

மகரந்தத்தைத் தானாக எண்ணும் கருவிகள் உண்டு. ஜெர்மனியின் பிஏஏ500 துகளைப் பிடித்து நுண்ணோக்கியில் படமெடுத்து இனம் காண்கிறது. சுவிட்சர்லாந்தின் பொலேனோ, பறக்கும் துகளையே ஹோலோகிராமாக, அதாவது லேசர் ஒளிப் படமாக, பதிகிறது. ஆனால் இவை வீட்டுக்கு வாங்கும் விலையில் இல்லை. மேலும், ஐரோப்பாவின் பிர்ச் மர மகரந்தத்தைக் கற்ற கருவிக்கு நம் பாலாற்றுச் சீமைக்கருவேலத்தின் மகரந்தத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

இப்போதைக்கு, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடு) வாசலின் மெல்லப் பூசி, மழை படாமல் ஒரு நாள் மாடியில் வையுங்கள். பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். பார்த்தீனிய மகரந்தம் குட்டி ஊமத்தங்காய்போல முள்ளுருண்டையாகத் தெரியும். எண்ணிக்கை துல்லியமாக வராது. எது பறக்கிறது என்பது தெரியும். எது ஒவ்வவில்லை என்பதை ஒவ்வாமை மருத்துவரின் சோதனைதான் சொல்லும்.